அறிமுகக் கையொப்பம்

புனே நகரின் பழைய பகுதிக்குள் செல்பவர்கள் ஒரு வாரம் முழுவதையும் நடந்தே கடந்துவிடலாம். சோம்வார் பேட், மங்கள்வார் பேட், புத்வார் பேட், குருவார் பேட், சுக்ரவார் பேட், சனிவார் பேட், ரவிவார் பேட் என ஏழு கிழமைகளும் அங்கே ஊர்ப்பகுதிகளாக நிற்கின்றன. நம்முடைய சைதாப்பேட்டையிலும் வண்ணாரப்பேட்டையிலும் உள்ள 'பேட்டை' அங்கே 'பேட்' என வழங்குகிறது. இவற்றுள் மூத்தது கஸ்பா பேட்டை. பேஷ்வாக்களின் காலமான 18-ஆம் நூற்றாண்டில் நகரம் வளர வளரப் பேட்டைகளும் பெருகின. 1732-இல் கட்டி முடிக்கப்பட்ட சனிவார் வாடா என்னும் அரண்மனையைக் காண இன்றும் பயணிகள் திரள்கின்றனர். அந்த அரண்மனையைச் சுற்றிலும் அதற்கு அப்பாலும் உள்ள சந்துகளில் உழைத்து வாழ்ந்த மக்களின் வீடுகளைப் பற்றியே இங்கே எழுத விரும்புகிறோம்.

நாங்கள் வளர்ந்தது ராஸ்தா பேட்டையில். ராஸ்தே என்னும் சர்தார் குடும்பத்தின் பெயரைத் தாங்கிய அந்தப் பேட்டையில் தென்னிந்தியக் குடும்பங்கள் பல குடியிருந்தன. இரயில்வே, இராணுவக் கிடங்குகள், கட்கியில் 1869-இல் தொடங்கப்பட்ட வெடிமருந்துத் தொழிற்சாலை ஆகியவற்றை நாடித் தமிழர்கள் புனேவுக்கு வந்தனர். கட்கி, தேஹு ரோடு, கேம்ப் பகுதிகளிலும் அவர்கள் குடியேறினர். வேலை தேடி வந்தவர்களுக்கு நகரம் முதலில் கொடுத்தது ஓர் அறையும் ஒரு பொதுக் குழாயும்தான். மற்றதையெல்லாம் அண்டை வீட்டார் கொடுத்தனர்.

ஒரு வாசல், பல அடுப்புகள்

புனேவின் பழைய வீட்டுக்கு 'வாடா' என்று பெயர். தெருவைப் பார்த்த பெரிய மரக்கதவு. அந்தக் கதவுக்குள்ளேயே குனிந்து நுழையும்படி ஒரு சிறு கதவு. உள்ளே திறந்த முற்றம். முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரமும் அறைகளும். மூலையில் ஒரு கிணறு. நடுவில் ஒரு துளசி மாடம். செல்வக் குடும்பம் ஒன்று தனக்கெனக் கட்டிய வாடா, காலப்போக்கில் அறை அறையாக வாடகைக்கு விடப்பட்டது. ஒரு குடும்பம் வாழ்ந்த இடத்தில் பத்துப் பதினைந்து குடும்பங்கள் வாழத் தொடங்கின. சென்னைவாசிகள் இதை ஒண்டுக்குடித்தனம் என்பர். திருநெல்வேலிப் பக்கத்தில் வளவு என்பர். பெயர் எதுவாயினும் வாழ்க்கை ஒன்றே.

எங்கள் முற்றத்தில் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர் ஒருவர் இருந்தார். பீடி சுற்றும் அம்மையார் ஒருவர் இருந்தார். தானிய மண்டியில் மூட்டை சுமப்பவர், சைக்கிள் கடைக்காரர், இரயில்வே ஊழியர்கள் எனப் பலரும் இருந்தனர். அக்காலப் புனே சைக்கிள்களின் நகரம். பிம்ப்ரியிலும் கட்கியிலும் இருந்த தொழிற்சாலைகளுக்கு விடியற்காலையிலேயே சைக்கிள்கள் வரிசை வரிசையாகப் புறப்படும். முதல் ஷிப்டுக்குச் செல்லும் தந்தையர் போனபின் முற்றம் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் உரியதாகிவிடும்.

மராத்தி பேசும் பெரியவர்களை நாங்கள் 'காக்கா' என்றும், அவர்கள் மனைவியரைக் 'காக்கூ' என்றும், மூதாட்டியரை 'ஆஜி' என்றும் அழைத்தோம். கோடை விடுமுறையில் ஊரிலிருந்து வந்த உறவுப் பிள்ளைகள், மதிப்புக்குரிய ஒருவரை நாங்கள் 'காக்கா' என்று கூப்பிடுவதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தனர். சித்தப்பாவைக் குறிக்கும் அந்தச் சொல்லை நாங்கள் மனத்தார உணர்ந்தே சொன்னோம். பள்ளி விட்டு வரும்போது அம்மா வீட்டில் இல்லையென்றால், எந்த வீட்டில் சாப்பிடுவது என்று நாங்கள் யோசித்ததில்லை. ஒரு வீட்டில் பாக்ரியும் மிளகாய்ச் சட்னியும் கிடைக்கும். மறுநாள் அந்த வீட்டுப் பிள்ளை எங்கள் வீட்டில் ரசஞ்சோறு உண்ணும்.

எழுதாத கணக்கு

அந்த முற்றத்தில் பணம் எப்போதும் குறைவு. கணக்கு எப்போதும் துல்லியம். மாத முதல் வாரத்தில் கொடுத்த ஒரு கிண்ணம் சர்க்கரை, மூன்றாம் வாரத்தில் அதே கிண்ணத்தில் திரும்பி வரும். வெறுங் கிண்ணத்தைத் திருப்பித் தரக்கூடாது என்பது அங்கே எழுதாச் சட்டம். தெருமுனை மளிகைக் கடைக்காரரிடம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கணக்குப் புத்தகம் உண்டு. சம்பள நாளன்று பாக்கியைத் தீர்த்துவிட்டு, அன்றே அடுத்த மாதக் கணக்கைத் தொடங்குவர்.

பெண்களிடையே 'பிஷி' நடந்தது. நம் ஊர்ச் சீட்டுதான் அது. மாதந்தோறும் ஆளுக்கு இவ்வளவு எனப் போட்டு, குலுக்கலில் பெயர் வந்தவர் மொத்தத் தொகையையும் எடுத்துக்கொள்வார். ஒரு வீட்டில் திடீர்ச் செலவு வந்துவிட்டால், குலுக்கலில் பெயர் வந்தவரே தம் முறையை அந்த வீட்டுக்கு விட்டுக்கொடுத்ததை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். தையல் இயந்திரம், பிரசவச் செலவு, பள்ளிக் கட்டணம் என அந்தச் சிறு தொகை சாதித்தவை பல. அதற்குப் பத்திரம் இல்லை, பிணை இல்லை. ஒரே குழாயில் நாளை காலையும் சந்திக்க வேண்டும் என்பதே பிணை.

இந்த இடத்தில் பழைய வாடிக்கையாளர்கள் பலருக்கும் நினைவிருக்கக்கூடிய ஒன்றைக் குறிப்பிட வேண்டும். அந்நாளில் வங்கியில் கணக்குத் தொடங்க விரும்பும் ஒருவரை, ஏற்கெனவே அங்கே கணக்கு வைத்திருப்பவர் ஒருவர் அறிமுகம் செய்ய வேண்டும். விண்ணப்பப் படிவத்தில் அதற்கென ஒரு கட்டம் இருந்தது. 'இவரை நான் அறிவேன்' என்று அதில் ஒருவர் கையொப்பமிடுவார். எங்கள் முற்றத்தில் வங்கிக் கணக்கு வைத்திருந்த ஓரிருவரே மற்ற அனைவருக்கும் அறிமுகக் கையொப்பம் இட்டனர். மராத்திக் காக்கா தமிழருக்கும், தமிழர் கன்னடக் குடும்பத்துக்கும் கையொப்பமிட்டனர். வங்கியின் கதவை எங்களுக்குத் திறந்தது முற்றத்தின் நம்பிக்கையே.

செம்பின் ஓசையும் மண்கோட்டையும்

பேட்டைகளின் சந்துகளுக்கு 'ஆளி' என்று பெயர். தொழிலின் பெயரால் வழங்கிய ஆளிகள் பல. கஸ்பா பேட்டையின் தாம்பட் ஆளி செம்பு வேலை செய்வோரின் சந்து. அங்கே துவஷ்டா காசார் சமூகத்துக் கைவினைஞர்கள் தலைமுறை தலைமுறையாகச் செம்புத் தகட்டைச் சுத்தியலால் அடித்துப் பாத்திரமாக்கி வருகின்றனர். நீர்க்குடம், அகன்ற அண்டா, நடுவில் கரி எரியும் குழாய் கொண்ட வெந்நீர் பாய்லர் எனப் புனே வீடுகளின் செம்பெல்லாம் அந்தச் சந்தில் பிறந்தது. அடித்து முடித்த பாத்திரத்தின் மேல் வரிசை வரிசையாகப் பதியும் சிறு குழிகளே அதற்கு அழகும் உறுதியும் தருகின்றன. சந்துக்குள் நுழையுமுன்பே அந்தச் சுத்தியல் ஓசை நம்மை வரவேற்கும். பக்கத்துப் புருட் ஆளியில் மூங்கில் கூடையும் முறமும் பின்னுவார்கள். எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் வந்த பிறகு இவ்வோசைகள் குறைந்தன, ஆயினும் ஓய்ந்துவிடவில்லை. வடிவமைப்பாளர்களின் துணையோடு புதுமுறைச் செம்புப் பொருள்களை ஆக்கி, அந்தச் சந்து இன்னும் தன் தொழிலைக் காத்துவருகிறது.

பண்டிகைகள் பிள்ளைகளுக்குரிய பள்ளிக்கூடம். தீபாவளிக்குப் புனேப் பிள்ளைகள் முற்றத்தில் மண்ணைக் குழைத்துக் கோட்டை கட்டுவர். 'கில்லா' எனப்படும் அந்த மண்கோட்டையின் உச்சியில் சிவாஜி மகாராஜாவின் சிறு பொம்மை வீற்றிருக்கும். சரிவுகளில் கடுகு விதைத்துப் பசுமை உண்டாக்குவோம். தமிழ்ப் பிள்ளைகளாகிய நாங்களும் அந்தக் கோட்டைக்குக் கல் சுமந்தோம். எங்கள் வீட்டு முறுக்கும் அதிரசமும் பக்கத்து வீடுகளுக்குப் போயின. அங்கிருந்து சக்லியும் கரஞ்சியும் வந்தன. சங்கராந்தி நாளில் எள்ளும் வெல்லமும் சேர்த்த உருண்டையைக் கொடுத்து, இனிமையாகப் பேசுங்கள் என்று சொல்வது மராத்தியர் வழக்கம். அதே நாளில் எங்கள் அடுப்பில் பொங்கல் பொங்கும். முந்தைய வாரம் குழாயடியில் மூண்ட சண்டைகள் பெரும்பாலும் அன்று முடிவுக்கு வந்துவிடும்.

விநாயகர் சதுர்த்தி வந்தால் பேட்டை முழுவதும் ஒரே அலுவலகமாகிவிடும். புனேவின் பொதுக் கணபதி விழா 1890-களில் லோகமான்யத் திலகரின் முயற்சியால் பெருவிழாவாக வளர்ந்தது. அதற்கும் முன்பே, 1887-இல், இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்து ஒரு மல்யுத்தக் கூடத்தில் தொடங்கியது குருஜி தாலிம் கணபதி. இன்றும் ஊர்வலத்தில் முதல் மரியாதை பெறும் 5 கணபதிகளுள் அது மூன்றாவது. எங்கள் தெரு மண்டலுக்கு வீடுவீடாகச் சென்று 'வர்கணி' என்னும் சந்தா திரட்டுவது பிள்ளைகளின் பொறுப்பு. 1 ரூபாய்க்கும் ரசீது கிழித்துத் தர வேண்டும். விழா முடிந்ததும் வரவு செலவைப் பலகையில் எழுதி எல்லோரும் பார்க்க வைப்பார்கள். பொதுப்பணத்துக்குக் கணக்குக் காட்டும் பழக்கத்தை நாங்கள் கற்றது அந்தப் பலகையில்தான்.

12 ஜூலை 1961

நாங்கள் நேரில் காணாத ஒரு நாளும் எங்கள் இளமையில் கலந்திருந்தது. 1961-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் நாள் காலை, கட்டுமானம் முழுமை பெறாத பான்ஷேத் மண் அணை உடைந்தது. முந்தைய இரவெல்லாம் இராணுவ வீரர்கள் மணல்மூட்டைகளை அடுக்கி அதைத் தாங்கப் போராடினர். அவர்களின் உழைப்பால் உடைப்பு பகலில் நேர்ந்தது. இரவில் நேர்ந்திருந்தால் இழப்பு இன்னும் கொடியதாகியிருக்கும். பாய்ந்து வந்த நீர், 1879-இல் கட்டி முடிக்கப்பட்ட கடக்வாஸ்லா அணையையும் அன்றே உடைத்தது. முட்டா ஆறு கரையோரப் பேட்டைகளுக்குள் புகுந்தது. நாராயண் பேட்டை, சனிவார் பேட்டை, கஸ்பா பேட்டை ஆகியவற்றில் மண்ணும் மரமும் கொண்டு கட்டிய வாடாக்கள் நீரில் ஊறிச் சரிந்தன.

நகருக்குக் குடிநீர் தந்த அணையே போய்விட்டதால், வெள்ளம் வடிந்த ஊரில் குடிக்க நீரில்லை. அப்போது கைகொடுத்தவை பழைய வாடாக்களின் கிணறுகள். குடும்ப அட்டை, வாடகை ரசீது, வங்கிப் பாஸ்புத்தகம் எல்லாவற்றையும் ஆற்றுக்குக் கொடுத்தவர்கள், 'நான் இன்னார், இந்த வீட்டில் இத்தனை ஆண்டு இருந்தேன்' என்பதை எப்படி நிறுவினார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டிருக்கிறோம். பக்கத்து வீட்டாரின் சொல்லே சான்றாயிற்று என்றனர். வீடே இல்லாதபோதும் அண்டை வீட்டாரின் சொல் நின்றது.

ஆனால் வெள்ளம் வேறொன்றையும் செய்தது. வீடிழந்தோருக்காக கோகலே நகர், லோகமான்ய நகர், சகார் நகர் போன்ற புதுக் குடியிருப்புகள் எழுந்தன. கூட்டுறவு வீட்டுச் சங்கங்கள் பல உருவாயின. கூரை கிடைத்தது; பழைய முற்றம் கிடைக்கவில்லை. ஒரே முற்றத்தில் வாழ்ந்த குடும்பங்கள் நகரின் நான்கு மூலைகளுக்கும் பிரிந்தன. அவர்கள் புது இடத்தில் மறுபடியும் முதலிலிருந்து ஒருவரையொருவர் அறிமுகம் செய்துகொள்ள வேண்டியிருந்தது.

முற்றத்துக்கு வெளியே நின்றவர்கள்

இவ்வளவும் சொன்ன பிறகு ஓர் உண்மையை மறைப்பது நேர்மையாகாது. பேட்டைகளின் நெருக்கம் எல்லோரையும் அணைத்துக்கொள்ளவில்லை. சாதியின் பெயரால் சந்துகள் பிரிந்திருந்தன. ஒரே குழாயில் நீர் பிடிப்பதே உறவு என்றால், அந்தக் குழாயை நெருங்க விடப்படாதவர்களுக்கு உறவு ஏது?

இந்தக் கேள்வியை எழுப்பியவர்களும் அதே பேட்டைகளில்தான் வாழ்ந்தனர். ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாய் புலேயும் 1848-இல் புத்வார் பேட்டையின் பிடே வாடாவில் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினர். 1868-இல் ஜோதிராவ், கஞ்ச் பேட்டையில் உள்ள தம் வீட்டு நீர்த்தொட்டியைத் தீண்டத்தகாதவர் எனத் தள்ளி வைக்கப்பட்டோருக்குத் திறந்துவிட்டார். பிளேக் நோய் புனேவை வாட்டிய 1897-இல், நோயாளிகளுக்குத் தொண்டு செய்த சாவித்திரிபாய் தாமும் அந்நோய்க்கு ஆளாகி மார்ச் 10-ஆம் நாள் மறைந்தார். அண்டை வீட்டார் யார் என்பதற்கு அவர் தந்த விடை அது.

பின்னாளில் இதே விடையை உழைப்பாளர்கள் அமைப்பாக்கினர். எங்கள் பேட்டைக்கு அருகிலிருந்த நானா பேட்டை, பவானி பேட்டைத் தானிய மண்டிகளில் மூட்டை சுமந்தோரை 1950-களில் ஹமால் பஞ்சாயத்தாகத் திரட்டியவர் மருத்துவரான பாபா ஆடாவ். சுமைப்பணியாளர்களுக்கென மகாராஷ்டிரம் 1969-இல் தனிச் சட்டம் இயற்றியது. அவர்களின் வேலையும் கூலியும் நலநிதியும் அதனால் முறைப்பட்டன. 1974-இல் ஹமால் பஞ்சாயத்து 'கஷ்டாச்சி பாக்கர்' என்னும் உணவுக்கூடத்தைத் தொடங்கியது. 'உழைப்பின் ரொட்டி' என்பது அதன் பொருள். குறைந்த விலையில் வயிறார உண்ண அங்கே எவரும் வரலாம். பக்கத்து வீட்டு அடுப்பு ஒரு முற்றத்துக்குச் செய்ததை அந்த அடுப்பு நகருக்குச் செய்தது.

1993-இல் உருவான காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்து, காகிதமும் கண்ணாடியும் தகரமும் பொறுக்கி வாழ்ந்தோரின் சங்கம். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். தெருவில் அவர்களைக் கண்டவர்கள் பலர். 'இவரை நான் அறிவேன்' என்று கையொப்பமிட முன்வந்தவர் எவருமில்லை. அச்சங்கம் அவர்களுக்கு அடையாள அட்டை வழங்கியது. புனே மாநகராட்சி அதை ஏற்றது. பின்னர் அவர்கள் தமக்கென ஒரு கடன் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். வீடுவீடாகக் குப்பை பெறும் பணிக்காக 'ஸ்வச்' என்னும் கூட்டுறவையும் உருவாக்கினர். வட்டிக்கடைக்காரரை மட்டுமே நம்பியிருந்த கைகள் சேமிப்புப் புத்தகத்தைப் பிடித்தன. முற்றம் தர மறுத்த அறிமுகத்தை ஓர் அட்டை தந்தது.

இன்று

இன்று வங்கியில் கணக்குத் தொடங்க அறிமுகக் கையொப்பம் வேண்டியதில்லை. அடையாளமும் முகவரியும் காட்டும் ஆவணங்கள் போதும். 2014 ஆகஸ்டில் தொடங்கிய ஜன்தன் திட்டத்தால், முன்பு வங்கி வாசலை மிதித்திராத கோடிக்கணக்கானோர் கணக்குப் பெற்றனர். இதை நாம் முழுமனத்தோடு வரவேற்கிறோம். ஒருவரின் உரிமை, அண்டை வீட்டாரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி நிற்கக்கூடாது.

மறுபுறம் வாடாக்கள் மறைந்து வருகின்றன. 1947-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்தின் கீழ் வாடகை சில ரூபாய்களிலேயே நின்றுவிட, பழுது பார்க்க உரிமையாளருக்கு வழியில்லை. வெளியேறக் குடியிருப்போருக்கு வழியில்லை. மழைக்காலந்தோறும் சுவர்கள் சரிகின்றன. அவை இருந்த இடங்களில் அடுக்குமாடிகள் எழுகின்றன. ஒழுகாத கூரையும், தனிக் கழிவறையும், வீட்டுக்குள் குழாயும் வேண்டாம் என்று எவரும் சொல்ல முடியாது. பின்னிரவில் பொதுக் கழிவறைக்கு விளக்கேந்திச் சென்ற பெண்களைக் கேட்டால், பழங்காலத்தின் பெருமையை அவர்கள் அளந்துதான் பேசுவார்கள்.

நாம் இழக்கக்கூடாதது சுவரன்று, அறிமுகம். மின்தூக்கியில் தினமும் சந்திப்பவரின் பெயர் நமக்குத் தெரியாமலிருக்கலாம். எதிர்வீட்டு முதியவர் தொலைபேசியில் யாரோ மிரட்டப் பதறித் தம் சேமிப்பை அனுப்பவிருக்கும் வேளையில், 'சற்றுப் பொறுங்கள், விசாரிப்போம்' என்று சொல்ல அருகில் ஒருவர் வேண்டும். எந்த ஆவணமும் அந்த வேலையைச் செய்யாது. குடியிருப்புச் சங்கத்தின் வரவு செலவைப் பலகையில் எழுதி வைக்கலாம். நம் வீட்டில் வேலை செய்பவருக்குக் கணக்குத் தொடங்கத் துணையாக ஒருமுறை வங்கிக்கு வரலாம். மகளிர் குழுவின் சிறுசேமிப்புக்குப் பக்கத்து வீட்டாரையும் அழைக்கலாம். இவையெல்லாம் சிறு செயல்கள். பிஷியும் அப்படித்தான் சிறு தொகையாகத் தொடங்கியது.

விண்ணப்பப் படிவத்திலிருந்து அந்தக் கட்டம் நீங்கிவிட்டது. அதில் கையொப்பமிடும் கடமை மட்டும் நம்மிடமே இருக்கிறது. நம் கதவுக்கு எதிரே இருக்கும் கதவைப் பார்த்து, 'இவரை நான் அறிவேன்' என்று சொல்ல முடிகிற ஒவ்வொருவரும் அதை நிறைவேற்றியவரே.